இடிக்கிற கோடும் சும்மா நிற்கிற கோடும்

கனடாவில் படிக்க வரும் வெளிநாட்டு மாணவர் ஒருவர் வகுப்பு நடக்கும் வாரங்களில் வளாகத்துக்கு வெளியே 24 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. 2024 நவம்பர் 8 முதல் இதுதான் விதி. அதற்கு முன் வரம்பு 20 மணியாக இருந்தது. இடையில் 2022 நவம்பரிலிருந்து 2024 ஏப்ரல் முடியும்வரை வரம்பையே தற்காலிகமாக நீக்கி வைத்திருந்தார்கள். வளாகத்துக்கு உள்ளேயே கிடைக்கும் வேலை இந்தக் கணக்கில் சேராது.

இந்த விதியில் சமக்குறிக்கு வேலையே இல்லை. 24 மணி வேலை செய்தே தீர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பூச்சியத்திலிருந்து 24 வரை எங்கே வேண்டுமானாலும் நின்றுகொள்ளலாம், தாண்டத்தான் கூடாது. நம்மைச் சுற்றியுள்ள விதிகள் பெரும்பாலும் இந்த மாதிரிதான். விமானத்துக்குக் கட்டும் பெட்டி 23 கிலோவைத் தாண்டக் கூடாது. மின்தூக்கியில் எட்டுப் பேருக்கு மேல் ஏறக் கூடாது. கியூபெக் மாகாணத்தில் 2025 மே 1 அன்று வந்த விதி, மணிக்கு 16.10 டாலருக்குக் குறைத்துச் சம்பளம் கொடுக்கக் கூடாது என்றது. பள்ளிக்கூடத்திலோ வருடக்கணக்காகச் சமன்பாடு போடுகிறோம். சமனிலி, அதாவது தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அசமன்பாடு என்று சொல்வது, ஒரு பாடத்தோடு முடிந்துவிடுகிறது. வாழ்க்கையில் விகிதம் நேர்மாறு.

அன்றாட நிலைமைகளை நேர்கோட்டுச் சமனிலிகளாக எழுதி வரைபடத்தில் போட்டுப் பார்ப்பதால் உண்மையில் என்ன கிடைக்கிறது, அந்த முறை எந்த இடத்தில் கைவிடுகிறது என்பதைப் பார்ப்பதே இந்தக் கட்டுரை. விடை கிடைக்கிறது என்பது அதன் சின்ன லாபம். நம்மை இடிக்கிற வரம்பு எது, சத்தம் மட்டும் போட்டுக்கொண்டு சும்மா நிற்கிற வரம்பு எது என்று காட்டிக்கொடுப்பதுதான் பெரிய லாபம் என்பது என் எண்ணம்.

மொன்றியல் தீவின் மேற்கு நுனியில் இருக்கிறது சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ. இரண்டு ஏரிகளுக்கு நடுவே படகுகளை ஏற்றி இறக்கும் பழைய கால்வாய், அதன் கரையோரம் உணவகங்கள், கிழக்கே மக்கில் பல்கலைக்கழகத்தின் மக்டொனால்ட் வளாகம், அதே இடத்தில் ஜான் அபட் கல்லூரி. ஊர் சின்னது, படிக்கிறவர்கள் அதிகம். இங்கே வந்து படிக்கும் ஒரு வெளிநாட்டு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். வகுப்பு, படிப்பு, தூக்கம், சமையல் எல்லாம் போக வாரத்தில் அவளிடம் மிஞ்சுவது 30 மணி நேரம். வளாகத்துக்குள் அதிகபட்சம் 12 மணி வேலை கிடைக்கிறது. மீதியை வெளியே ஒரு கடையில் செய்கிறாள். இரண்டிலும் அந்த 16.10 டாலர் குறைந்தபட்ச ஊதியம்தான். வாடகை, சாப்பாடு, கைபேசிக் கட்டணம் எல்லாவற்றுக்கும் வரிக்கு முன் வாரம் 400 டாலராவது வர வேண்டும்.

வெளிவேலை மணிகளை 'வெ' என்றும் உள்வேலை மணிகளை 'உ' என்றும் வைத்துக்கொள்வோம். கிடை அச்சில் வெ, குத்து அச்சில் உ. சட்டம் சொல்வது: வெ ≤ 24. இது நேராக நிற்கும் கோடு, அதன் இடப்பக்கம் நமக்கு. வளாகம் சொல்வது: உ ≤ 12. இது படுத்த கோடு, அதன் கீழ்ப்பக்கம் நமக்கு. வருமானம் சொல்வது: 16.10 வெ + 16.10 உ ≥ 400, அதாவது வெ + உ ஏறத்தாழ 24.84க்குக் குறையக் கூடாது. நேரம் சொல்வது: வெ + உ ≤ 30. நான்கையும் வரைந்து, வேண்டாத பக்கங்களை நிழலடித்து நீக்கினால் நடுவில் ஒரு நாற்கோணம் மிஞ்சுகிறது. அதற்குள் எந்தப் புள்ளியில் நின்றாலும் அவள் பிழைத்துக்கொள்வாள். அதன் ஒரு பக்கம் சட்டத்தின் கோட்டின் மேலேயே கிடக்கிறது, அந்தப் பக்கத்தின் மேல்மூலை சரியாக (24, 6).

இந்தப் படத்தில் பேருந்து இல்லை. வெளியே நான்கு மணி வேலை என்றால் போக, வர, நிறுத்தத்தில் நிற்க என்று ஒரு மணி நேரமாவது போகும். அதையும் சேர்த்தால் நேரக்கோடு 1.25 வெ + உ ≤ 30 என்று சாய்கிறது. நாற்கோணம் சுருங்கி முக்கோணமாகிறது. மூலைகள் தோராயமாக (12.8, 12), (14.4, 12), (20.6, 4.2). சட்டம் போட்ட 24 என்ற கோடு இப்போது முக்கோணத்தைத் தொடவேயில்லை, வலப்பக்கம் தள்ளி நிற்கிறது. 24ஐ 30 ஆக்கினாலும் 40 ஆக்கினாலும் இந்தப் பெண்ணுக்கு ஒரு காசு கூடாது. செய்தித்தாள்கள் விவாதித்த வரம்பு அவளுடைய வரம்பு அல்ல. அவளைப் பிடித்து வைத்திருப்பது பேருந்து.

இதை இன்னும் கூர்மையாகவும் கேட்கலாம். அதிகம் சம்பாதிப்பதுதான் அவள் நோக்கம் என்றால் சிறந்த மூலை (14.4, 12): மொத்தம் 26.4 மணி, ஏறத்தாழ 425 டாலர். அவளுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தால் வருமானம் 12.88 டாலர் உயரும். அந்த மணியில் ஒரு பங்கைப் பேருந்து தின்றுவிடுவதால் முழு 16.10 வராது. வளாகம் ஒரு மணி கூடுதல் வேலை கொடுத்தால், வெளிவேலையைக் குறைத்துக்கொண்டு அதை எடுப்பாள், கிடைப்பது 3.22 டாலர்தான். சட்டம் ஒரு மணி தளர்ந்தால் கிடைப்பது பூச்சியம். ஒரு வரம்பைச் சற்றே தளர்த்தினால் வரும் இந்த லாபத்துக்குப் பொருளாதார நூல்கள் நிழல் விலை என்று பெயர் வைத்திருக்கின்றன. எதற்காகப் போய் யாரிடம் வாதாட வேண்டும் என்று முடிவு செய்ய இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது.

இத்தனைக்கும் இது பழைய கணக்கு. பிரெஞ்சுக் கணிதர் ஃபூரியே 1820களிலேயே சமனிலித் தொகுதிகளைத் தீர்க்க ஒரு வழி எழுதி வைத்தார். நூறு வருடத்துக்கு மேல் யாருக்கும் அது அவசரமாகப் படவில்லை. 1938இல் லெனின்கிராடில் ஒட்டுப்பலகைத் தொழில்காரர்கள் தங்கள் இயந்திரங்களை எந்த மரத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்று கேட்டுக்கொண்டு கணிதர் லியோனித் கண்டொரோவிச்சிடம் வந்தபோதுதான் விஷயம் தொழிற்சாலைக்குள் நுழைந்தது. 1947இல் அமெரிக்க விமானப்படைக்காக ஜார்ஜ் டான்ட்சிக் சிம்ப்ளெக்ஸ் முறையைக் கண்டுபிடித்தார். சிறந்த விடை எப்போதும் ஏதாவதொரு மூலையில் கிடைக்கும் என்பதால் மூலையிலிருந்து மூலைக்கு விளிம்பு வழியே நடந்து போவது அவர் வழி. 1984இல் பெல் ஆய்வகத்தில் இருந்த நரேந்திர கர்மார்க்கர் விளிம்பை விட்டுவிட்டு உள்ளுக்குள்ளேயே குறுக்காகப் போகும் இன்னொரு வழியைத் திறந்தார். 1975இல் பொருளாதார நோபல் கண்டொரோவிச்சுக்கும் பொருளாதார அறிஞர் கூப்மன்ஸுக்கும் போனது. டான்ட்சிக்கை விட்டது நோபல் குழுவின் கணக்குக் கோளாறு என்றுதான் சொல்ல வேண்டும்.

அன்றாடத்துக்கு வருவோம். 1945இல் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்லர் ஒரு கேள்வி எழுப்பினார். மிதமான உழைப்புள்ள 154 பவுண்டு எடையுள்ள ஆண், ஒன்பது சத்துகளும் தேவையான அளவு கிடைக்க, ஆண்டுக்கு எவ்வளவு குறைவான செலவில் சாப்பிட முடியும்? கையில் 77 உணவுப்பொருட்கள், 1939 ஆகஸ்ட் விலைகள். அவர் ஊகமும் சாமர்த்தியமும் கலந்து கண்ட விடை 39 டாலர் 93 சென்ட். கோதுமை மாவு, கெட்டிப்பால், முட்டைக்கோஸ், பசலைக்கீரை, காய்ந்த அவரைவிதை, அவ்வளவுதான் பட்டியல். 1947இல் சிம்ப்ளெக்ஸைச் சோதிக்க இதே கணக்கை எடுத்துக்கொண்டார்கள். மேசைக் கணிப்பான்களில் 120 ஆள்நாள் உழைத்து வந்த சரியான விடை 39 டாலர் 69 சென்ட். வருடத்துக்கு 24 சென்ட் வித்தியாசம். ஸ்டிக்லரின் ஊகம் அசாத்தியமானது. அந்தச் சாப்பாட்டை ஒரு வாரம் யாராவது வாயில் வைப்பார்களா என்பது வேறு விஷயம், ஸ்டிக்லரும் அதைச் சிபாரிசு செய்யவில்லை.

டான்ட்சிக் பின்னால் தன் உடம்பையே கணக்குக்குக் கொடுத்தார். 1950களில் எடை குறைக்கச் சொல்லி மருத்துவர் கேட்டதும், வயிறு நிறைந்த உணர்வு தரும் உணவாகக் கணினி தேர்ந்தெடுக்கட்டும் என்று நினைத்து, தண்ணீரைக் கழித்த எடையை அதிகமாக்கும்படி நிரல் எழுதினார். கணினி கொடுத்த பட்டியலில் ஒரு நாளைக்கு 500 காலன் வினிகர். பொருள் அட்டவணையில் வினிகரின் நீரளவு சரியாகப் பதியப்படவில்லை. வினிகரை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினால் உப்பு மிகுந்த சூப்புச் சாறுக்கட்டிகளைத் தினம் 200 சாப்பிடச் சொன்னது. உப்புக்கு மேல்வரம்பு போட அவருக்குத் தோன்றியிருக்கவில்லை, காரணம் உப்பு யாரும் அளவுக்கு மீறித் தின்ன மாட்டார்கள் என்பது மனிதர்களுக்குத் தெரிந்த விஷயம். கணினிக்கு அது தெரியாது. சமனிலியாக எழுதப்படாத எதுவும் அதற்கு வரம்பே அல்ல. நமக்கு வெட்கமாக இருக்கும் அளவுக்கு வெளிப்படையான வரம்புகள்தான் எழுதும்போது விட்டுப்போகும்.

மனிதனுக்குச் சரிவராத இந்தக் கணக்கு மாட்டுக்கு அருமையாகப் பொருந்தியது. 1951இல் ஃபிரெடரிக் வாஹ் கறவை மாட்டுத் தீவனத்தை மிகக் குறைந்த செலவில் கலக்க இதே முறையைப் பயன்படுத்திக் காட்டினார். மாடு மெனுவைப் பற்றிக் குறைசொல்லாது, கடலைப் புண்ணாக்குக்குப் பதில் சோயாப் புண்ணாக்கு வந்தால் அதற்குப் பெரிய கவலை இல்லை. இந்த இடத்தில் சென்ட்-ஆன் ஊர் மறுபடி முக்கியமாகிறது. புகையிலை வியாபாரத்தில் பணம் சேர்த்த வில்லியம் மக்டொனால்ட் 1907இல் இங்கே தன் பெயரில் கல்லூரி திறந்தபோது அதில் விவசாயம், ஆசிரியர் பயிற்சி, மனையியல் மூன்றும் இருந்தன. மனையியலின் வழித்தோன்றலாக உணவூட்டத் துறையும், விவசாயத்தின் வழியாகக் கால்நடைத் துறையும் இன்றும் அதே வளாகத்தில் அண்டை அயலாக நிற்கின்றன. கியூபெக்கின் பால் மந்தைகளின் கறவை அளவையும் பால் மாதிரியையும் சோதித்துப் பதியும் சேவை 1960களில் இந்த வளாகத்தில்தான் தொடங்கியது. அதன் வாரிசான லாக்டாநெட் நிறுவனத்தின் தலைமையகம் இன்றும் இதே ஊரில்.

தீவனக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த சமனிலி ஒன்று அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் 2001ஆம் ஆண்டுக் கறவைமாட்டு ஊட்டச்சத்துக் கையேட்டில் அட்டவணை வேடத்தில் ஒளிந்திருக்கிறது. மாட்டுக்கு நார் வேண்டும். நார் இருந்தால்தான் அசைபோடும், அசைபோட்டால்தான் எச்சில் ஊறும், எச்சில்தான் வயிற்றில் உண்டாகும் அமிலத்தைத் தணிக்கும். ஆனால் எல்லா நாரும் ஒன்றல்ல. புல், வைக்கோல், சோளத்தட்டை மாதிரிப் பசுந்தீவன நார் நன்றாக அசைபோட வைக்கும். தவிடு, புண்ணாக்கு போன்றவற்றில் உள்ள பொடிநார் அவ்வளவு உதவாது. அட்டவணை சொல்வது இது: உலர்ந்த எடையில் பசுந்தீவன நார் 19 சதவீதம் இருந்தால் மொத்த நார் 25 போதும். 18 ஆனால் மொத்தம் 27 வேண்டும். 17க்கு 29, 16க்கு 31, 15க்கு 33.

பசுந்தீவன நாரை 'ப' என்றும் மொத்த நாரை 'மொ' என்றும் எழுதிப் பாருங்கள். ஐந்து வரிகளும் ஒரே கோட்டில் விழுகின்றன: மொ + 2ப ≥ 63. ஒரு பங்கு பசுந்தீவன நாரை இழந்தால் இரண்டு பங்கு மொத்த நாரால் ஈடுகட்ட வேண்டும் என்பதுதான் அதன் பொருள். இந்தக் கோட்டின் சாய்வு ஒரு மாட்டின் வயிற்றைப் பற்றிய கருத்து. சாய்வில் கருத்து இருக்கும்போதுதான் வரைபடம் வெறும் படமாக இல்லாமல் போகிறது. இதே அட்டவணை தன் நிபந்தனையையும் சேர்த்தே சொல்கிறது: தீவனங்கள் எல்லாம் ஒன்றாகக் கலந்து கொடுக்கப்பட வேண்டும், புல் போதிய நீளத்தில் வெட்டப்பட்டிருக்க வேண்டும், மாவுச்சத்து பெரும்பாலும் அரைத்த மக்காச்சோளத்திலிருந்து வர வேண்டும். புல்லைத் தூளாக அரைத்துவிட்டு இந்தக் கோட்டை நம்பினால் மாடு படுத்துவிடும்.

கியூபெக் பண்ணையாளருக்கு எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு கோடு உண்டு. இங்கே பாலை இஷ்டத்துக்கு ஊற்ற முடியாது. ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு நாளைக்கு இத்தனை கிலோ வெண்ணெய்க் கொழுப்பு என்று ஒதுக்கீடு உண்டு. நாளொன்றுக்கு ஒரு கிலோ ஒதுக்கீட்டின் விலைக்கு 24,000 டாலர் என்று உச்சவரம்பு போட்டிருக்கிறார்கள், ஒரு கிலோ என்பது ஏறக்குறைய ஒரு மாட்டின் கொழுப்பு. ஆகவே இவருடைய கேள்வி அதிகப் பால் எப்படி என்பதல்ல, இந்த ஒதுக்கீட்டுக்குள் குறைந்த செலவு எப்படி என்பது. ஒரே மாடு, ஒரே தீவனம், எதைக் கூட்ட வேண்டும், எதைக் குறைக்க வேண்டும் என்று காட்டும் நோக்கக்கோடு மட்டும் வேறு பக்கம் சாய்கிறது. சிறந்த மூலையும் மாறிவிடுகிறது.

இப்போது பள்ளி. கியூபெக்கில் மேல்நிலை ஐந்தாம் வகுப்பில், பண்பாடு, சமூகம், தொழில்நுட்பம் என்ற பிரிவுக் கணிதத்தை எடுக்கிறவர்களுக்கு இது பெரிய அலகு. சமனிலிகளை வரைந்து 'கட்டுப்பாட்டுப் பலகோணம்' அமைத்து, ஒரு 'உலாவும் கோட்டை' அதன்மேல் நகர்த்தி, கடைசியாகத் தொடும் மூலையைக் கண்டுபிடிக்க வேண்டும். தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்பு வணிகக் கணிதத்திலும், மத்திய வாரியத்தின் பன்னிரண்டிலும் இதே கணக்கு.  

பாடநூல் கணக்குகளில் ஒரு குறை எல்லா ஊருக்கும் பொது. மேசை இத்தனை மணி, நாற்காலி இத்தனை மணி, மரம் இவ்வளவு என்று வரம்புகள் மென்று ஊட்டப்படுகின்றன. பேருந்தை யாரும் மறக்கும் வாய்ப்பே இல்லை, காரணம் கேள்வியிலேயே எழுதியிருக்கும். மாணவர் உழைப்பெல்லாம் நிழலடிப்பதில் போகிறது. 'குறைந்தது 15' என்பதைப் பார்த்ததும் சிறிது என்ற குறியைப் போடுவது வகுப்பறைகளில் வழக்கமான சறுக்கல். அது மொழியை வேகமாகப் படிப்பதால் வருவது, ஒரு எண்ணை எடுத்து வைத்துச் சோதித்தால் போய்விடும். ஆழமான சறுக்கல் வேறு. 1983இல் அமெரிக்காவில் வெளியான ஒரு தேசிய மதிப்பீட்டில் 13 வயதுப் பிள்ளைகளிடம் 1128 படைவீரர்களை ஏற்றப் பேருந்துக்கு 36 பேர் வீதம் எத்தனை பேருந்து வேண்டும் என்று கேட்டார்கள். பெரும்பாலோர் வகுத்தலைச் சரியாகவே செய்தார்கள். 29 சதவீதம் பேர் '31, மீதி 12' என்று விடை எழுதினார்கள். 32 என்று எழுதியவர்கள் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. 36 பே ≥ 1128 என்று சமனிலியாக எழுதி, பே முழு எண் என்று பக்கத்தில் குறித்திருந்தால் மீதிப் பன்னிரண்டு பேர் நடுத்தெருவில் நிற்க வேண்டியிருந்திருக்காது.

நேர்கோடு எங்கே கைவிடும் என்பதற்கு அந்த மாணவியின் பேருந்தே நல்ல சாட்சி. நான்கு மணி வேலைக்கு ஒரு மணிப் பயணம் என்று போட்டு 1.25 என்ற எண்ணைப் பெற்றோம். ஆனால் பயணம் மணிக்கணக்கில் வருவதில்லை, நாள்கணக்கில் வருகிறது. எட்டு மணி நேர வேலையாகக் கொடுத்தால் அதே ஒரு மணிப் பயணம் எட்டு மணிக்குப் பகிரப்பட்டு 1.125 வெ + உ ≤ 30 ஆகிறது. இப்போது (24, 3) என்ற புள்ளி உள்ளே வந்துவிடுகிறது. சும்மா நின்ற சட்டக்கோடு திடீரென்று விழித்துக்கொண்டு படத்தின் ஒரு பக்கமாகிவிட்டது. அதிக வருமானம் தரும் மூலை (16, 12)க்கு நகர்ந்து 450 டாலரைத் தொடுகிறது. முதலாளி வேலைநேரத்தை எப்படித் துண்டு போடுகிறார் என்ற ஒற்றை விஷயம் அரசு விதியைவிடப் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது. உண்மையான நேரவரம்பு படிக்கட்டு போன்றது. நாம் வரைந்தது அந்தப் படிகளை ஒட்டிப் போட்ட சாய்கோடு.

மாட்டிலும் இதே கதை. ஒரு கிலோ மக்காச்சோளத்தின் ஆற்றல் எப்போதும் ஒரே அளவு என்று நேர்கோட்டுக் கணக்கு எடுத்துக்கொள்ளும். மாடு அதிகம் தின்னத் தின்ன தீவனம் வயிற்றில் தங்கும் நேரம் குறைந்து செரிமானமும் குறைகிறது, அதே சோளம் குறைந்த ஆற்றலைத்தான் தருகிறது. கையேடுகள் இதற்குக் கழிவு போடுகின்றன, மென்பொருள்கள் ஒருமுறை தீர்த்து, எண்ணைத் திருத்தி, மறுபடி தீர்க்கின்றன. அடுத்த அலகும் முந்தைய அலகைப் போலவே நடந்துகொள்ளும் என்ற இடம்வரை கோடு நம்பகமானது. அதற்கு மேல் அது வளைவின் ஒரு துண்டு மட்டுமே. இதைக் காரணம் காட்டி முறையையே தூக்கிப் போடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வளைவை வரையத் தெரிந்தவர்களும் முதலில் கோட்டைத்தான் போடுகிறார்கள்.

இந்தியாவில் இந்தக் கணக்கு மிக எளியவர்களின் தொழுவம்வரை போயிருக்கிறது. தேசிய பால்வள வாரியம், 2011-12இல் தொடங்கிய தேசிய பால் திட்டத்தின் கீழ், தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் தீவனச் சமநிலைத் திட்டத்தை நடத்தியது. பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர் ஒருவர் மாட்டின் காதுப்பட்டை எண்ணைப் பதிந்து, நெஞ்சுச் சுற்றளவை நாடாவால் அளந்து எடையைக் கணித்து, பாலளவும் கொழுப்பும் கேட்டு, வீட்டில் என்னென்ன தீவனம் இருக்கிறது என்று எழுதிக்கொள்வார். உள்ளதை வைத்து மிகக் குறைந்த செலவில் சத்துகள் நிறையும் கலவையை மென்பொருள் சொல்லும்.

இதில் கடினமான எண் சத்தளவு அல்ல, விலை. தவிட்டுக்கும் புண்ணாக்குக்கும் கடையில் விலை தெரியும். வைக்கோல் சொந்த வயலில் விளைந்தது, புல் வரப்பில் அறுத்தது. "அதுக்கு ஏதுய்யா காசு" என்று வீட்டம்மா சொன்னால், பூச்சியம் என்று போடலாமா? போட்டால் கணக்கு வைக்கோலையும் புல்லையும் மாடு தின்னும் எல்லை இடிக்கும்வரை அள்ளிப் போடும், டான்ட்சிக்கின் வினிகரைப் போல. வைக்கோலை வாங்க ஆள் இருந்தால் அந்த விற்பனை விலைதான் சரியான எண். ஆள் இல்லாவிட்டால் பூச்சியம் நியாயம். புல்லுக்கோ அறுக்கிறவரின் நேரம்தான் விலை, அந்த நேரத்தில் அவருக்கு வேறு கூலி கிடைக்குமா என்பதைப் பொறுத்தது. உட்கார்ந்து வாதாடுவதைவிட இரண்டு தடவை ஓட்டிப் பார்ப்பது லேசு: ஒருமுறை பூச்சியம், ஒருமுறை சந்தை விலை. இரண்டிலும் ஒரே மூலை வந்தால் விலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. மூலை மாறினால், எந்த விலையில் மாறுகிறது என்று நடுவில் இன்னும் சில எண்களைப் போட்டுப் பார்த்து, அந்த ஒரு எண்ணை மட்டும் வீட்டம்மாவிடம் கேட்டால் போதும்.